லேஞ்சி போட்ட கதிரை

வெள்ளைத் துணிக் கைக்குட்டை. நான்கு பக்கமும் மெல்லிய நீலக் கரை. ஒரு மூலையில் கோடாலித் தைலம் ஊறி மஞ்சளாகிப்போன வட்டம். அந்த லேஞ்சியைச் சிட்னியில் ஒரு பழைய நூலகத்தின் யன்னலோரக் கதிரையில் முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது நினைத்தால் கைமயிர் எழும்பி நிற்கிறது.

அது என் சம்பந்தியம்மாவுடையது. மகளின் மாமியார். சிட்னியின் லிட்கம் பகுதியில் பிள்ளைகளின் வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்தோம். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீடு குளிரில் விறைத்துக் கிடக்கும். அதனால் பஸ் ஏறி நூலகத்துக்குப் போவோம். அங்கே சூடு இருந்தது, ஒரு தட்டு நிறையத் தமிழ்ப் புத்தகமும் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவ கடகடவென்று வாசித்துத் தள்ளுவா. செங்கல் கட்டடம், உயர்ந்த கூரை, மரத்தளம். யாரும் நடக்காதபோதும் பலகை முனகும். சுவருக்குள் ஓடும் சுடுநீர்க் குழாய், உள்ளே அடைபட்ட யாரோ தட்டுவதுபோல் தட்டும். நான் பயந்து அவவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் எப்போதும் இருப்பேன்.

தண்ணீர் குடிக்க எழும்பினாலும் அவ கதிரையில் லேஞ்சியை விரித்துவிட்டுத்தான் போவா. ஊரில் பஸ் யன்னலால் லேஞ்சியை எறிந்து இடம் பிடிப்போமே, அந்தப் பழக்கம்.

“இது பருத்தித்துறை பஸ்ஸே சம்பந்தி? இஞ்சை ஒருத்தரும் உங்கட இடத்தைப் பறிக்க மாட்டினம்.”

“சனம் எங்கையும் சனம்தான். ஆரும் கேட்டால் ஆள் வருது எண்டு சொல்லுங்கோ. வாயைத் திறந்து சொல்லுங்கோ, கொழுக்கட்டையே வைச்சிருக்கிறியள்?”

ஊரில் போர் முடிந்த அடுத்த குளிர்காலம், கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக நகரசபை அறிவித்தது. நூலகம் கடைத்தொகுதி ஒன்றின் மூலைக்குப் போகுமாம். தமிழ்ப் புத்தகங்களுக்கு அங்கே இடமில்லையாம். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ரீச்சர் ஒருவர் ஆட்களைத் திரட்டினார். சம்பந்தியம்மா ரயில் நிலைய வாசலில் மேசை போட்டு, தெரிந்த அரை ஆங்கிலத்தில் கையெழுத்துக் கேட்டா. நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு, குடைக்குள்ளேயே ஒளிந்து நின்றேன். நகரசபைக் கூட்டத்தில் பேசவும் அவ பெயர் கொடுத்திருந்தா.

கூட்டத்துக்கு முன்னரே ஒரு பின்னேரம் நூலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தா. அம்புலன்ஸ்காரர் தூக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்தா. “லேஞ்சியை எடுக்காதேங்கோ. ஆள் வருதெண்டு சொல்லுங்கோ.” ஆஸ்பத்திரியில் விடியமுதல் போய்விட்டா.

செத்தவீட்டு அலுவல்கள் முடிந்து நான் நூலகத்துக்குப் போனபோது கதவில் சங்கிலி. கூரை பழுதென்று பூட்டிவிட்டார்கள். யன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். மேசைகளில் தூசி படிந்திருந்தது. அவவின் கதிரையில் மட்டும் தூசி இல்லை. லேஞ்சி விரித்தபடி கிடந்தது. அடுத்த கிழமை பார்த்தேன், நான்காக மடித்திருந்தது. பிறகொரு நாள் திரும்பவும் விரித்திருந்தது, கரை கசங்காமல், இப்போதுதான் கையால் நீவிவிட்டதுபோல. சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் திறந்த அடையாளமில்லை, துரு விரலில் ஒட்டியது.

மகளிடம் சொன்னேன். “ரிஃப்ளெக்‌ஷன் அம்மா. மாமியை நினைச்சுக்கொண்டு பாக்கிறீங்கள், அதுதான்” என்றாள். அதன்பின் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. போய்ப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

கூட்டத்துக்கு மகள் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் வரிசையில் எனக்கு வலப்பக்கக் கதிரை வெறுமையாக இருந்தது. சனம் நிறைந்து சுவரோரம் நின்றும் அதில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. பேசுவோரின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் சம்பந்தியம்மாவின் பெயரையும் கூப்பிட்டார். யாரோ அழித்துவிட மறந்திருக்க வேண்டும். அந்த நேரம் வலப்பக்கத்திலிருந்து கோடாலித் தைலம் மணந்தது. மகளும் மூக்கை உறிஞ்சியபடி திரும்பிப் பார்த்தாள், அவளுடைய முகம் வெளிறிப்போனது. நான் எப்படி எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. வாழ்நாளில் நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தவள் இல்லை நான்.

“அங்கை ஒரு கதிரையிலை லேஞ்சி கிடக்குது. எங்கட ஊரிலை லேஞ்சி கிடந்தால் ஆள் வருதெண்டு அர்த்தம். பஸ் நிரம்பி வழிஞ்சாலும் அதிலை மற்றாக்கள் இருக்க மாட்டினம். ஆள் வரக்கிடக்கிற இடத்தை நீங்கள் எப்பிடி ஐயா இடிப்பியள்?”

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சர் கண்ணைத் துடைத்தார்.

என் பேச்சால்தான் என்று சொல்லமாட்டேன். ரீச்சரும் மற்றவர்களும் அதன்பிறகும் நெடுகப் போராடினார்கள். கடைசியில் இடிப்பதில்லை, திருத்துவது என்று முடிவானது. கூரை மாற்றி, செங்கல் கழுவி, குழாயையும் புதிதாகப் போட்டார்கள். பழைய கதிரைகள் சிலவற்றை மெருகேற்றி அதே யன்னலோரம் வைத்தார்கள். தமிழ்த் தட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

திறந்த அன்று போனேன். அவவின் கதிரையில் லேஞ்சி இல்லை. பக்கத்துக் கதிரையில், நான் வழக்கமாக இருக்கும் அதில், கிடந்தது. வெளுத்து, நீலக் கரை நேராக விரித்து. மூலையில் அந்த மஞ்சள் வட்டம். நூலகத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டேன். “நீங்கள்தான் போட்டதெண்டு நினைச்சன் அன்ரி” என்று அவள் சொன்னாள்.

நான் அதை எடுக்கவில்லை. இன்றும் எதிர்ப்பக்கம் இருந்துதான் வாசிக்கிறேன். குழாய் மாற்றியும் அந்தத் தட்டல் நிற்கவில்லை, ஆனால் இப்போது எனக்குப் பயமில்லை. போன கிழமை படிக்கிற பெட்டை ஒருத்தி லேஞ்சியைக் காட்டி, இதில் ஆரும் இருக்கினமோ என்று கேட்டாள்.

“ஆள் வருது, பிள்ளை” என்றேன்.

அவள் வேறு கதிரை தேடிப் போனாள். அந்த ஆள் நான்தான் என்று அவளுக்குச் சொல்லவில்லை.