முப்பத்திரண்டு குறிப்புகள்

என் மனைவிக்கு நாற்பத்தாறு வயதில் வேலை கிடைத்தது. விளம்பரப் படம் எடுக்கும் நிறுவனம்; வீட்டிலிருந்தே பார்க்கலாம். படப்பிடிப்புக்கு முன் ஒவ்வொரு காட்சியையும் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பார்கள், அதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். ஒரு கட்டத்தில் வலது கையில் இருந்த பை அடுத்ததில் இடது கைக்குத் தாவியிருந்தால் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிப்பவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். கடைசி வாரத்தில் நான் என் கைவரிசையைக் காட்டினேன். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து அவள் கண்கள் சிவந்திருந்தன. பாவம் என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் மானிட்டரில் 'கண் பாதுகாப்பு' என்றிருந்ததை அமுக்கிவிட்டேன். சொல்லவும் இல்லை, அதிகப்பிரசங்கி.

அன்று ஒரு மருத்துவமனைப் படம் வந்திருந்தது. நர்ஸ் உடுப்பு மஞ்சளடிக்கிறது, சுவர் மஞ்சள், படுக்கை விரிப்பும் மஞ்சள் என்று முப்பத்திரண்டு குறிப்புகள் எழுதி அனுப்பினாள். மறுநாள் வரைந்தவர் போனில் கொதித்தார்.

"வெள்ளைன்னா வெள்ளையாத்தாங்க போட்டிருக்கேன். முதல்ல உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க!"

அவள் ஒரு வெள்ளைத் தாளைத் திரையோரம் பிடித்துப் பார்த்தாள்; தாள் வெள்ளை, நான் அமுக்கிய பொத்தானால் திரை மஞ்சள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் மாத்தினேன்னு உங்க மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"ஒண்ணும் வேணாம். உட்கார்றதுக்கு முன்னாடி திரையைச் சரிபார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கல. நீங்க சும்மா இருந்தாலே போதும்."

மேனேஜரை அழைத்து, தன் திரைதான் மஞ்சள் என்று ஒளிக்காமல் சொன்னாள். ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அவர் "சரி" என்றதோடு வைத்துவிட்டார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

அவள் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். வண்ணத்தைப் பழைய நிலைக்குத் திருப்பி, தாளோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இருபத்தொன்பது குறிப்புகளைத் தன் கையாலேயே அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'என் தவறு' என்று எழுதினாள். மூன்றை மட்டும் விடவில்லை. அதில் ஒன்று, நோயாளியின் கட்டு. பதினோராம் கட்டத்தில் இடது காலில் இருந்தது, பன்னிரண்டில் வலது காலில்.

நாலு நாள் கழித்து வரைந்தவரே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, உங்களை நிரந்தரம் பண்ணியாச்சுன்னு மேனேஜர் சொன்னார். அடுத்த படம் வரைஞ்சுட்டேன். நீங்க பார்த்துச் சொல்லாம யாருக்கும் அனுப்பறதா இல்லை. தன் தப்பையே விடாதவங்க என் தப்பையா விடப் போறீங்க?"

போனை வைத்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில், "நீ பார்த்துச் சொல்லு" என்று நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.