உறங்கவிடும் டைரக்டர்

குலசேகரம் தியேட்டரில், பகல் காட்சிக்கு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார் அவர். விடியுமுன்பே ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போய்விட்டு நேராக வந்திருக்க வேண்டும். சட்டையில் புளித்த பால் வாடை, கண்கள் கோவைப்பழம். திரையில் டைரக்டர் பெயர் வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு துண்டைச் சுருட்டிக் கழுத்துக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“படம் பாக்கலியா அண்ணே?”

“இவரு எனக்குப் பிடிச்ச டைரக்டராக்கும், மக்கா. மத்தவனுவ படத்துல எவன் எப்பச் சாவான்னு தெரியாது. முழிச்சே கெடக்கணும். இவரு படத்துல ஒருத்தனும் சாவமாட்டான். கடைசில எல்லாவனும் வீடு வந்து சேருவான். நம்பி ஒறங்கலாம்.”

இடைவேளைக்குக்கூட அவர் எழவில்லை.

அந்த டைரக்டருக்கு இந்த முறை என்ன தோன்றியதோ, கடைசியில் கதாநாயகனைக் கடலில் சாகடித்துவிட்டார். விளக்குகள் எரிந்தபோது கூட்டம் பேச்சில்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் விழித்து, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“எல்லாவனும் வீடு வந்து சேந்தானுவளா மக்கா?”

“சேந்தாச்சு அண்ணே.”

“நான் சொன்னம்லா!” என்றவர், வெறும் திரையைப் பார்த்து இன்னொரு முறை கைதட்டினார்.