காட்டு வாத்துகள் விட்டால்தான் வருவாள்

என்ர தங்கச்சி மெல்பேர்னுக்கு என்னைப் பார்க்க வாறது என்னில உள்ள பாசத்தில எண்டு நினைச்சிடாதேங்கோ. காட்டு வாத்துகள் விட்டால்தான் வருவாள்.

அவளும் மனுசனும் கனடாவின்ர வடக்கில ஒரு சின்ன ரவுணில கடை வைச்சிருக்கினம். மா, பூட்ஸ், துவக்குத் தோட்டா எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. ஆத்துக்கு அங்கால கிறீ ஆதிக்குடிகளின்ர ஊர். அந்தச் சனம் ஆத்தைத் தாண்டி வந்து வாங்கினால்தான் ரவுண்காரரின்ர வீட்டில அடுப்பெரியும். வசந்தத்தில வாத்துகள் திரும்பி வர, அந்தச் சனம் பள்ளிக்கூடத்தையும் பூட்டிப்போட்டு ஊரோட காட்டுக்கு வேட்டைக்குப் போயிடுவினம். போகமுதல் கடையில நிக்க இடமிராது. பிறகு ஈ ஓட்டுறதுதான். அப்பதான் இவளுக்கு அக்கா ஞாபகம் வரும்.

இந்தமுறை விடுறதில்லை எண்டு நிண்டன். வெரிபீயில எங்களுக்கு அடுத்த தெருவில ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. கடையை வித்துப்போட்டு இஞ்ச வந்து கடை போடுங்கோ எண்டு சொல்லி, காலமையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். குசினி அலுமாரியளை ஒவ்வொண்டாத் திறந்து பார்த்தாள். எனக்கெண்டால் சந்தோசத்தில ஒரே புளுகம்.

அந்த நேரம் பார்த்து அவளின்ர போன் அடிச்சுது. வீடியோவில ஒரு கிறீ மனுசி, கூடாரத்துக்குள்ள இருந்து வாத்துக்கு இறகு பிடுங்குது. இப்ப காட்டுக்கையும் சிக்னல் வருதாம், கண்டறியாத சிக்னல்! பேரன் முதன்முதலாச் சுட்ட வாத்தாம். வீட்டில வைச்சுத் தின்னாமல் மற்ற ஆக்களுக்குத்தான் குடுக்கவேணுமாம், உனக்கும் ஒரு பங்கு வைச்சிருக்கிறன் எண்டு மனுசி சொல்லுது. இவள் "நிமிஸ், நிமிஸ்" எண்டு குழையிறாள்.

போனை வைச்சதும் கேட்டன், "அதென்னடி நிமிஸ்?"

"அவையின்ர பாசையில என்ர அக்கா எண்டு அர்த்தம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. நான் வறுத்து இடிச்சு அனுப்புற மிளகாய்த்தூளில பாதி அந்த மனுசியின்ர குசினிக்குத்தான் போகுதெண்டு எனக்குத் தெரியும். அதைக்கூடப் பொறுத்தனான்.

"அப்ப நான் ஆரடி? கூடப்பிறந்தவள் கல்லு மாதிரி முன்னால நிக்கிறன். உனக்கு அங்க வேற அக்காவோ?"

அவள் அலுமாரியை மெதுவாச் சாத்தினாள். "வீடு வடிவுதான் அக்கா. ஆனால் நான் வரேல்லை. போன மாரியில எனக்கு வயித்தில வந்த பிள்ளை தங்கேல்லை. அவதான் வந்து பக்கத்தில இருந்தவ."

"ஐயோ! எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அழுவியள். பிறகு நான்தான் உங்களைத் தேத்தவேணும். அவ ஒண்டும் கதைக்கேல்லை. சூப் காய்ச்சித் தந்துபோட்டுச் சும்மா இருந்தவ."

நான் அதுக்குள்ளேயே விக்கி விக்கி அழத் தொடங்கிட்டன். அவள் கிட்ட வந்து, தன்ர சட்டைக் கையால என்ர கண்ணைத் துடைச்சுவிட்டாள்.