போடிங் உம்மா

எங்கள் ரோட்டில் இரண்டு வகை ஆட்கள்தான். போகிறவர்கள், கிடக்கிறவர்கள். உக்குவளையிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற ரோட்டின் உச்சியில் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ பெட்டி படுக்கையோடு வருவார்கள். படிப்பார்கள். ஒரு நாள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். ஏறும்போது எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "கட்டாயம் வந்து பாப்போம், அங்கிள்." யாரும் வந்ததில்லை. மேட்டுக்குக் கீழே, பஸ் நிற்கிற இடத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிற எனக்கு அதில் கோபமே வருவதில்லை என்று சொல்லிக்கொள்வேன். பொய். வரும்.

கைறுன்னிஸா ராத்தா கிடக்கிறவர்களில் ஒருவர். முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்றால் அக்கா. என் கடைக்கு அடுத்த வீடு. பிறந்தது பல்லேபொலயில், றஹீம் நானாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். கறாம்பும் மிளகும் வாங்கி விற்ற அந்த மனுஷன் இளவயதிலேயே மவுத்தாகிவிட்டார். பிள்ளை இல்லை. பின்பக்கத்து இரண்டு அறைகளில் கல்லூரிப் பெண் பிள்ளைகளைக் காசுக்குத் தங்கவைத்து, போடிங் நடத்தித்தான் ராத்தாவின் காலம் ஓடியது.

பிள்ளைகளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "புத்தளம், குளிச்சது போதும், வெளிய வா." "சம்மாந்துறை, ஏன் சோத்த மிச்சம் வச்ச?" சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இலங்கை வானொலி தேவைப்படாது. இந்த ரோட்டில் எல்லோரும் அப்படித்தான். வருஷா வருஷம் புதுப் பேர்களை யார் மனப்பாடம் பண்ணுவது? பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு ராத்தா 'போடிங் உம்மா'. போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார்கள். சொந்தப் பேர் என்னவென்று ஒருத்தியும் கேட்டதில்லை. உம்மாவுக்கு எதற்குப் பேர்?

அவர்களில் ஒருத்தி மூதூர். திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளை, ஒல்லி, வாய் ஓயாது. ராத்தாவுக்குக் கண் ஒப்பரேஷன் செய்தபோது மருந்துத்துளி விட ஆள் வேண்டியிருந்தது. விரிவுரை முடிந்ததும் முடியாததுமாக மேட்டிலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள், விட்டுவிட்டுத் திரும்ப ஏறுவாள். "வேற யாராச்சும் விட்டா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். "மத்தவங்க விட்டா உம்மா கண்ணச் சிமிட்டுறா, அங்கிள். நான் விட்டா சிமிட்டமாட்டா" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டு மஸீஹாவின் மாமியார் இறந்து, மையித்தைக் குளிப்பாட்டிவிட்டு ராத்தா திரும்பி வந்தார். கடை வாசலில் நின்று முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டார்.

"பெத்த மகள் இருந்தா அவதான் தண்ணி ஊத்தணும், தம்பி. எனக்கு யாரு இருக்கா?"

"நல்ல பேச்சு பேசுறீங்க ராத்தா. இன்னும் எத்தன ஊர ஏசித் தள்ளணும் நீங்க!"

அவர் சிரிக்கவில்லை. "மூதூர்ட கேட்டுட்டேன். எங்க இருந்தாலும் வந்து ஊத்துறேன்னு சொல்லிட்டா. உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். நான் மவுத்தானா அவளுக்குச் சொல்லிருங்க."

சரி என்றேன். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவ்வளவு சின்ன சொல்.

அந்த வருஷக் கடைசியில் மூதூரும் பஸ் ஏறினாள். முதல் கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு மூதூர்ப் பக்கம் வெள்ளம் என்று கேள்விப்பட்டோம், அதோடு போனும் நின்றுபோனது. புதுப் பிள்ளைகள் வந்தார்கள். ராத்தா அவர்களுக்கும் சமைத்தார், அவர்களையும் ஏசினார். ஆனால் வெளியூரிலிருந்து வரும் பஸ் வாசலில் நின்றால், இறங்குகிற முகங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். வராதவளுக்காக ஒரு மனுஷி தினமும் கழுத்தை நீட்டிப் பார்ப்பதா?

போன வைகாசியில் கல்லூரிக்கு விடுமுறை. ரோடே வெறிச்சென்றிருந்தது. காலையில் தேங்காய்ப்பாதி கேட்டுப் போன மஸீஹா, ராத்தா தொழுகைப் பாயிலேயே சரிந்து கிடப்பதைக் கண்டு அலறினாள். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று முடிவானது. முஸ்லிம் ஆட்களிடம் மையித்தை வைத்துக் காத்திருக்கிற வழக்கம் கிடையாது.

நான் ராத்தாவின் பட்டன் போனை எடுத்து 'மூதூர்' என்று இருந்த நம்பரை அழுத்தினேன். பாவனையில் இல்லை என்றது. இன்னொரு தரம் அழுத்தினேன். அதே குரல். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த பிள்ளைகள் போனில் அழுதார்கள். அவர்களுக்கு மூதூரைத் தெரியாது.

பள்ளிவாசல் நிர்வாகி நிஸ்தார் நானா கடைக்கு வந்து மரண அறிவித்தலைச் சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். 'பல்லேபொலயைப் பிறப்பிடமாகவும் உக்குவளையை வதிவிடமாகவும் கொண்ட ஜனாபா கைறுன்னிஸா காலமானார். அன்னார் மர்ஹூம் றஹீம் அவர்களின் மனைவியாவார்.' எங்கள் ஆட்களுக்கு அடிக்கும்போது மேலே படம் வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

"படம் ஒண்ணு போடுவோமா, நானா?"

"பொம்பளைகள்ட படம் போடுறதில்ல, மகேஸ்வரன். ராத்தாவே விரும்பமாட்டா."

அது உண்மைதான். என் முன்னால்கூட முந்தானை இல்லாமல் நிற்காதவர். படமில்லாமலே போட்டோம். மாத்தளை முழுக்க ஒவ்வொரு வட்ஸ்அப் குரூப்பாகப் போனது. எப்படியும் அவள் கண்ணில் படும் என்று நம்பினேன். மதிய லுஹர் தொழுகை முடிந்தது. மஸீஹா இரண்டு தரம் வாசலுக்கு வந்து "யாராச்சும் வாராங்களா?" என்று கேட்டாள். கடைசியில் அவளே தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெண் பிள்ளை கையில் தயிர்ச் சட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கொஞ்சம் சதை வைத்திருந்தாள், ஆனால் நடை அதே நடை.

"அங்கிள், உம்மா எங்க? கேட் பூட்டிக் கிடக்கு."

நான் கடையை விட்டு வெளியே வந்தேன். அவளே பேசிக்கொண்டு போனாள். "எனக்கு டீச்சர் வேல கிடைச்சிட்டு. பல்லேபொலயில. வந்து மூணு கிழமதான் ஆகுது. வெள்ளத்தில போன் போய் நம்பரெல்லாம் இல்லாமப் போயிட்டு. சொல்லாம வந்து நிண்டா உம்மா என்ன சொல்லுவா எண்டு பாக்கத்தான்..."

பல்லேபொல. பஸ்ஸில் வந்தால் ஒரு தூக்கம்கூட முடியாது.

சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் போனில் அறிவித்தலைக் காட்டினேன். வாசித்தாள். பிறகு தயிர்ச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, தன் போனைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். அதே அறிவித்தல். கீழே அவளே தட்டிய ஒரு துஆ, மவுத்தானவருக்கான பிரார்த்தனை.

"எங்கட ஸ்கூல் குரூப்பில நான்தான் போட்டன், அங்கிள். உக்குவளையில வேற ஆரோ எண்டு நினச்சன். பல்லேபொல எண்டு இருந்திச்சு, ஆராச்சும் தெரிஞ்சவங்க போவாங்க எண்டு..." பேர் இருந்த வரியில் விரலை வைத்தாள். "உம்மாட பேரு கைறுன்னிஸாவா?"

அவள் மேலே கோபப்பட எனக்கு ஆசையாக இருந்தது. முடியவில்லை.

அழுது முடித்தவள், ராத்தாவை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. மதில் ஓரத்தில் நின்றாள். நிஸ்தார் நானா கதவைத் திறந்துவிட்டார். அவள் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் தந்தாள்.

"நீங்க ஊத்திட்டு வாங்க, அங்கிள். நான் அனுப்பினது எண்டு சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. "உன் பேர் என்னம்மா?"

"மபாஸா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க அப்பிடிச் சொல்லாதீங்க. மபாஸா எண்டா உம்மாவுக்கு ஆரெண்டு தெரியா. மூதூர் எண்டு சொல்லுங்க."

அப்படியே சொல்லித்தான் ஊற்றினேன்.