எட்டு மணிக்குக் கேட்ட கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படித்தபோது, பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் நடந்தது இது.

கல்லூரி மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு மொபைல் ஆப் செய்வதுதான் என் புராஜெக்ட். தினமும் காலை எட்டு மணிக்கு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று போன் கேட்கும். சிரித்த முகம், வாடிய முகம் இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். வாடிய முகத்தைத் தொட்டால் மூச்சுப் பயிற்சி, ஆறுதல் வார்த்தை, தேவைப்பட்டால் கவுன்சலரின் அழைப்பு என்று உதவி கூடிக்கொண்டே போகும். சிரித்த முகத்தையே தொடுகிறவர்களிடம் வெறும் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும். ஆளுக்குத் தகுந்தபடி மாறும் ஆப் என்று நான் பீற்றிக்கொண்டதில் தோழிகளுக்குக் காது புளித்துப்போயிருக்கும்.

ஆப்பைச் சோதித்துப் பார்க்கச் சேர்ந்தவர்களில் குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். ஒரு நாள் விடாமல் சிரித்த முகம். என் வெற்றிக்கு இவள்தான் சாட்சி என்று முடிவு கட்டி, அவளை நாலு வார்த்தை பேசவைத்து வீடியோ எடுக்க ஒரு சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்கே போய்விட்டேன்.

அவள் அம்மா வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, செல்லுல கேக்கறது பத்தாதுன்னு வூட்டுக்கே வந்துட்டியா?" என்று சிரித்தார்.

உள்ளேயிருந்து வந்த அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. எப்படி இருக்கே என்றேன். "நல்லாத்தான் கீறேங்க்கா" என்றாள், கடலைப் பார்த்தபடியே. நான் வீடியோ எடுக்கப் போனை நீட்டினேன். "கொஞ்சம் இருங்கக்கா, நைனா வந்துடட்டும்" என்றாள். அப்பாவிடம் அனுமதி கேட்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் அவள் அப்பாவின் படகு வந்தது. ஓடிப்போய் எல்லோருடனும் சேர்ந்து அதைக் கரைக்கு இழுத்தாள். திரும்பி வந்து, கை கழுவி, என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்ப கேளுங்க."

கேட்டேன். உடைந்து அழுதுவிட்டாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துபோய், இரண்டு பரீட்சையில் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். மூன்று வாரமாகக் கல்லூரிக்கே போகவில்லை. வீட்டிலிருந்து கிளம்பி, பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். திங்கட்கிழமை படிப்பையே நிறுத்திவிடுவதாக இருந்தாள்.

"அப்போ தினமும் ஏன் சிரிச்ச முகத்தைத் தொட்டே?"

"எட்டு மணிக்கு நைனா கடல்ல இருப்பாருக்கா. கடலுக்குப் போனவருக்கு ஆகாதுனு, படகு வர்ற வரைக்கும் எங்க வூட்ல யாரும் 'நல்லா இல்ல'னு சொல்லமாட்டோம். வாயால சொல்லாதத வெரலால மட்டும் எப்டி சொல்றது?"

உதவி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், இவள் நன்றாக இருக்கிறாள் என்று என் ஆப் ஒதுங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல 'இப்ப பேசலாமா?'னு கேக்கச் சொல்லுங்கக்கா. அப்பால எப்டி இருக்கேனு கேக்கட்டும்" என்றாள். நான் எத்தனையோ கட்டுரைகளைப் படித்தும் பிடிபடாத குறை அது. அந்த அழுகைக்கு நடுவிலும் அதை அவள் பிடித்துவிட்டாள். அசந்துபோனேன்.

அன்றைக்கே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அப்பா, அம்மாவிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது. அவள் அப்பா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு, "திங்கக்கெழம நானும் காலேஜுக்கு வரேன்" என்றார்.

திங்கட்கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை. அவரும் அவளும் நானும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது எட்டு மணிக்கு அவள் போன் கேட்டது. பக்கத்து சீட்டில் நைனா உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, முதல்முறையாக வாடிய முகத்தைத் தொட்டாள்.

கல்லூரியில் அவளுடைய ஆசிரியையும் கவுன்சலரும் பொறுமையாகக் கேட்டார்கள். அவள் படிப்பைத் தொடர்ந்தாள். ஒரு அரியர் விழுந்தது, அதையும் எழுதித் தேறினாள். என் ஆப்பில் இப்போது முதலில் வருவது அவள் சொன்ன கேள்விதான்.

இன்றும் யாராவது சட்டென்று "நல்லாயிருக்கேன்" என்றால், நான் உடனே நகர்ந்துவிடுவதில்லை. அவர்களுடைய படகு கரைக்கு வரட்டும் என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.