பொங்க இடம் விடும் சாரா

"கத்திய கீழ வை! மொதல்ல பதிலு, அப்பறம் கேக்கு."

சனிக்கிழமை மாலை நான்கு மணி. பழைய தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் சாராவின் பேக்கரிப் பின்கட்டு. பன்னிரண்டு துண்டு கேக்கைச் சுற்றி ஒன்பது பிள்ளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆளுக்கு எத்தனை என்பது கேள்வி. "ஆளுக்கு ஒண்ணு, மிச்சம் மூணு உங்களுக்கு சாராக்கா" என்கிறது ஒரு குரல். "லஞ்சமா? இன்னா தைரியம் பாரு! அந்த மூணையும் எப்படி வெட்டுவ, சொல்லு" என்று கரண்டியால் மேசையைத் தட்டுகிறார் சாரா. ரொட்டி வாங்க வந்த நான் அவசரப்பட்டு "ஒண்ணேகால்" என்று சொல்லித் தொலைத்தேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை விடுங்கள்.

சாராவுக்கு முப்பத்தெட்டு வயது. முகத்தில் எங்கேயாவது மைதா ஒட்டாத சாராவை நான் பார்த்ததே இல்லை. சுரங்கத்துப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது: அடுப்பின் தட்டுகளை 'லெவல்' என்பார்; ஒவ்வொரு ஈட்டையும் 'ஷிப்ட்' என்பார். "ரெண்டாம் லெவல்ல பன்னு கீது, அடுத்த ஷிப்ட்லதான் கேக்கு எறங்கும்" என்பதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் தலைக்கவசம் தேடுவார்கள்.

அறிவியலும் உண்டு. போனில் பார்த்துச் சுட்ட கேக் நடுவில் குழிந்துவிட்டது என்று யாராவது வந்தால் போதும், தனக்கே திருமணம் நிச்சயமானதுபோல் சாராவுக்கு மகிழ்ச்சி. "இது மெட்ராஸா? நாம மேட்டுல கீறோம், இங்க காத்து லேசு. சோடாவக் கொறை" என்பார். நம்பாதவர்களுக்கு அடுப்பில் தண்ணீர் வைத்து வெப்பமானியை நுழைப்பார். நூறு டிகிரி வரை போகாமல் தொண்ணூற்றேழிலேயே கொதித்துவிடும். அன்று அவரைக் கையில் பிடிக்க முடியாது.

சாராவிடம் இப்படிக் கணக்குப் படிக்கும் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறுவதைக் கவனித்த பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை, வாரம் இரண்டு வகுப்பு பள்ளிக்கே வந்து எடுக்கும்படி கூப்பிட்டார். மாதச் சம்பளம், 'மிஸ்' என்ற மரியாதை, எல்லாம் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் தேறியிருக்க வேண்டும். வந்தது வினை. சாரா அதில் கணக்கில் தோற்றவர். இருபத்திரண்டு வருடமாக ஒருவருக்கும் தெரியாது.

"ஆமா, நான் பெயிலு. இன்னா இப்போ?" என்று பிள்ளைகளிடம் அவரே உடைத்துச் சொன்னார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. அடுத்த வாரமே தனித்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டார்.

எழுதினார். இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.

ஒன்பதாம் வகுப்புத் தென்றல் அவருடைய வகுப்பின் கெட்டிக்காரி. கேள்வித்தாளை வாங்கிவைத்துக்கொண்டு விசாரணை நடத்தினாள். உருளைப் பாத்திரம், ஆரம் ஏழு, உயரம் பன்னிரண்டு, கொள்ளளவு என்ன? மூன்று மதிப்பெண்.

"இன்னா எழுதுனீங்க?"

"ஆயிரத்து இருநூத்து முப்பத்திரண்டு."

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தெட்டுக்கா!"

"அது தளும்பத் தளும்ப. அவ்ளோ ஊத்துனா பொங்கி அடுப்பெல்லாம் வழியாதா? மூணுல ரெண்டு பங்குதான் ஊத்தணும்."

அதையும் மனக்கணக்காகவே போட்டு விடையை மட்டும் எழுதியிருக்கிறார், மகராசி. தாளைத் திருத்தியவர் என்ன கண்டார்?

"அக்கா, பாத்திரத்துல மாவே இல்ல. வெறும் பாத்திரம்."

"வெறும் பாத்திரத்துக்கு இன்னாத்துக்குக் கணக்கு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கணக்குப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே நோட்டுப் புத்தகத்தோடு தென்றல் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அடுத்த தேர்வு வரைக்கும் பேக்கரியில் ஒரே கூத்துதான். சாரா மாவு பிசைவார். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். தப்பாகச் சொன்னால் ஒன்பது பேரும் ஒரே குரலில் "மாவு இல்லக்கா!" என்று கத்துவார்கள். பன் வாங்க வந்தவர்கள், தீர்ந்துபோயிற்று என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

முடிவு வந்த காலை நானும் கடையில் இருந்தேன். சாரா போனைத் தொடவே மறுத்துவிட்டார். "நீயே பாரு" என்று தென்றலிடம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"பாஸுக்கா! நாப்பத்தொண்ணு!"

"பேரு சரியா பாரு. வேற சாராவா இருக்கப்போவுது."

மூன்று தரம் படிக்க வைத்தார். சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினார். பிறகு ஐசிங் கூம்பை எடுத்து, முன்னால் இருந்த கேக்கின்மேல் நிதானமாக, 'சாரா, எஸ்.எஸ்.எல்.சி.' என்று எழுதினார். கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார். தெருவில் இறங்கி நின்று ஒருமுறை பார்த்தார். உள்ளே வந்து, எழுத்து வெளியே பார்க்கும்படி கேக்கைத் திருப்பி வைத்தார்.