மாடு நிக்குது என்றார்கள்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில்தான் மனிதர்களைப் பார்க்க முடிகிறது. போன ஞாயிறு காலை பால் பாக்கெட்டோடு படியேறி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். மேல்வீட்டுக்காரர் பின்னால் வந்தார். உடம்போடு ஒட்டிய மஞ்சள் சட்டை, முழங்கால்வரை சேறு, தோளில் சைக்கிள். சிறுவாணிப் பக்கம் மழையில் ஓட்டிவிட்டு வருகிறாராம்.

"வெயிட்டா இல்லீங்களா?" என்றேன்.

"எட்டுக் கிலோதானுங்க. வேணுன்னா தூக்கிப் பாருங்க."

வாங்கித் தோளில் வைத்தேன். வலது தோளெலும்பில் சுரீர் என்றது. அந்த வலி எட்டுக் கிலோவுக்கு வந்ததல்ல, தொண்ணூறுகளில் வந்து அப்படியே தங்கிவிட்டது. கூடவே டயரில் ஒட்டியிருந்த சேற்றின் வாசனை. பச்சைத் தேயிலையும் ஈர மண்ணும் கலந்த வாசனை அதில் இருக்க நியாயமே இல்லை. ஆனால் எனக்கு அடித்தது. பால் பாக்கெட்டைப் படியில் மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

விஷயம் இதுதான். நான் ஒரு காலத்தில் சைக்கிள் பந்தய வீரன். சிரிக்காதீர்கள். பீளமேட்டில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு அங்கே சைக்கிள் பந்தயம் வைப்பார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து எனக்கே முதல் பரிசு. அது மெதுவாக ஓட்டும் பந்தயம் என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை. காலைக் கீழே ஊன்றாமல், எல்லாருக்கும் கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவன் ஜெயித்தவன். அந்த வகையில் எனக்கு இணையான ஆள் கோவை மாவட்டத்திலேயே கிடையாது.

இந்தப் புகழ் தலைக்கேறியிருந்த நேரத்தில், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சைக்கிள் பந்தயம். முதல் பரிசு புது சைக்கிள். நடத்துகிறவர் அந்த எஸ்டேட்டின் சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்காதீர்கள், திருச்சிக்காரர். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார். அங்கே குளிர்காலத்தில் சேற்றிலும் காட்டிலும் சைக்கிள் ஓட்டுவார்களாம். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்களாம். நம்மிடமும் குளிர் இருக்கிறது, சேறு இருக்கிறது, தோள் இருக்கிறது, பிறகென்ன என்று ஆரம்பித்துவிட்டார். எஸ்டேட் ஜனங்கள் அதைச் சேத்துப் பந்தயம் என்றார்கள்.

என்னிடம் இல்லாதது சைக்கிள் ஒன்றுதான். கிணத்துக்கடவில் இருந்த மாமாவிடம் போய் நின்றேன். அவருடைய வண்டி டைனமோ, கேரியர், செயின் கவர், சக்கரத்துக்குள் மஞ்சள் பூ எல்லாம் வைத்த, வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல் காணும் வண்டி.

"ஏன்டா கண்ணு, மேல மலையில போயி எதுக்குடா உனக்குப் பந்தயம்?"

"சாம்பியன் இல்லீங்களா மாமா."

"நீ சாம்பியனோ என்னவோ. வண்டியில ஒரு கீறல் உழுந்துச்சு, உன்ற தோல உரிச்சு சீட்டு கவர் தெச்சுப்போடுவேன். ஒண்ணுங் கழட்டப்படாது. போன மாதிரியே வரோணும்."

பஸ்ஸின் கூரையில் மாமாவின் சைக்கிளும், உள்ளே ஜன்னலோரம் நானும் ஆழியாறு தாண்டி மலையேறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் குளிர் ஒரு சட்டை கூடியது. என்னிடம் இருந்ததோ ஒரே சட்டை. அதுவும் அரைக்கை.

ஞாயிறு காலை, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஆபீஸ் முன்னால் இருபது பேர் நின்றோம். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் காகித நட்சத்திரங்கள் பனியில் நனைந்து தொங்கின. பரிசு சைக்கிளுக்கு மாலை போட்டு ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். விரல்கள் விறைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர் தன் காலில் சோப்பைப் பட்டையாகத் தேய்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அட்டை ஏறாது சார். பூசிக்கங்க."

அவர் பெயர் ஆரோக்கியம். எஸ்டேட்டின் தபால்காரர். ஆபீசிலிருந்து மலைக்கு மலை சைக்கிளில் கடிதாசி கொண்டுபோகிறவர். பேச்சில் தெற்கத்தி ஓசையும் கோயமுத்தூர் மரியாதையும் பாதிப்பாதி. அவர் வண்டியில் சக்கரமும் சீட்டும் தவிர வேறெதுவும் இல்லை.

"அந்த டைனமோவக் கழட்டிருங்க சார். பகல்லதான பந்தயம்?"

"எங்க மாமாவுதுங்க. கழட்டினா கொன்னேபோடுவாரு."

சிரித்தார். பிறகு மாலை போட்ட சைக்கிளைப் பார்த்தார். "நான் ஓட்டுறது எஸ்டேட் வண்டி சார். சாயங்காலம் ஆபீசுல விட்டுட்டு நாலு மைல் நடந்துதான் வீட்டுக்குப் போவணும். போன வருசம் இந்த சைக்கிள் எனக்குத்தான் வந்திருக்கும். கடைசி ஏத்தத்துல செயின் அந்துபோச்சு. இந்த வருசம் ஸ்டெல்லா, நம்ம வீட்டுக்காரி, நடையில கெடந்த விறகையெல்லாம் ஒதுக்கி, சைக்கிள் நிறுத்த எடம் பண்ணி வெச்சுட்டா. ஜெயிச்சிட்டு வந்து ஒதுக்குவோம்டின்னா கேக்க மாட்டேங்கிறா."

சின்ன துரை விதியைப் படித்தார். காட்டைச் சுற்றிவந்து இதே கோட்டைத் தொட வேண்டும். வண்டியை வழியில் போட்டுவிட்டு வரக்கூடாது. நம்பர் அட்டை ஆளுக்கு இல்லை, வண்டிக்குத்தான். சேறு பூசியபிறகு மூஞ்சியை எவன் அடையாளம் கண்டுபிடிப்பது? வண்டி நம்பர் பார்த்துத்தான் பரிசு. ஆரோக்கியம் ஏழு. நான் இருபது.

விசில் ஊதியதும் என் நம்பருக்குரிய இடத்தை நோக்கி நான் பின்வாங்க ஆரம்பித்தேன். தேயிலைக்கு நடுவே மண்ணில் வெட்டிய படிகள். அதில் மாமாவின் இருபத்துச்சொச்சம் கிலோவைத் தோளில் வைத்து ஏறினேன். பிறகு ஓடை. இடுப்புக்குக் கீழே எனக்கு உடம்பு இருப்பது மறந்தது. பிறகு சதுப்பு. மற்றவர்கள் மட்கார்டைக் கழற்றியிருந்ததன் ரகசியம் அங்கே விளங்கியது. மட்கார்டுக்குள் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. எனக்குப் பின்னால் மிச்சமிருந்த ஒரே ஆள், "கொஞ்சம் ஒதுங்கிக்கறீங்களா சார், மன்னிச்சுக்குங்க" என்று கேட்டுவிட்டு முந்தினார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் தோற்கடித்ததில்லை.

அதன்பிறகு பனிமூட்டம் இறங்கியது. முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. தனியாக, சோலைக்காட்டின் ஓரமாக, பற்கள் தாளம் போட, வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று ஒரு முதுகில் மோதினேன். பார்த்தால், மொத்தப் பந்தயமும் நின்றுகொண்டிருக்கிறது. பத்தொன்பது பேர், வண்டிகளைத் தரையில் சாய்த்துவிட்டு, கோயில் நடை திறக்கக் காத்திருப்பதுபோல வரிசையாக, பேசாமல்.

"என்னாச்சுங்க?"

"மாடு நிக்குது சார். சத்தம் போடாதீங்க."

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு தெம்பு. நான் யார்? தோட்டங்காட்டில் பிறந்தவன். ஏர் மாடு, வண்டி மாடு, பால் மாடு எல்லாவற்றையும் வாலைப் பிடித்துத் திருப்பியவன். ஒரு மாட்டுக்காகப் பத்தொன்பது ஆண்பிள்ளைகள் நிற்பதா? மாமாவின் வண்டியைச் சாய்த்து வைத்தேன். வரிசையைத் தாண்டி முன்னே போனேன். எல்லாருக்கும் முதலில் ஆரோக்கியம் நின்றிருந்தார். என் கையைப் பிடித்தார். உதறினேன். பனிக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. "ஹேய்! த்தா, அந்தால போ!" என்று பட்டறையில் பழகிய கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

கை சுட்டது.

அதை எப்படிச் சொல்வது? அந்தக் காலை முழுவதும் என் உடம்பில் உயிருள்ள இடம் என்று எதுவும் இருக்கவில்லை. அந்த ஒரு தட்டில் உள்ளங்கை முழுக்கச் சூடு. ஈரமான, எண்ணெய்ப் பசையுள்ள, அடுப்பின் பக்கத்துச் சுவர் போன்ற சூடு. தொட்ட இடம் என் தோள் உயரத்தில் இருந்தது. அதற்கு மேலும் மாடு போய்க்கொண்டே இருந்தது. பனி கொஞ்சம் நகர்ந்தது. முதுகெலும்பு ஒரு வரப்புபோல மேலே ஓடியது. கீழே நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல முழங்கால்வரை வெளுப்பு. ஒரு குன்று மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. மூக்கிலிருந்து வந்த ஆவி என் முகத்தில் பட்டது. பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, பக்கத்தில் ஒரு கன்று. கோபமே இல்லாத, என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாத கண். இத்தனை பெரிய ஒன்று இத்தனை சத்தமில்லாமல் உலகத்தில் இருந்துகொண்டிருக்கிறது, நான் இதுவரை பம்ப்செட் கடைந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது. மலையில் மாடு என்றால் காட்டுமாடு, கீழே நாம் காட்டெருமை என்கிறோமே அது, என்பதும் அப்போதுதான் தோன்றியது.

அது புஸ் என்று ஒரு சீறல் விட்டது.

அதன்பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை, என் கால்கள்தான். ஆனால் கைக்கு மாமாவின் பயம் தனியாக இருந்தது. உயிர் போனாலும் வண்டியில்லாமல் கிணத்துக்கடவு போக முடியாது. ஆகவே பக்கத்தில் கிடந்த சைக்கிளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வந்த வழியே திரும்பி ஓடுவதாகத்தான் நினைத்தேன். எப்போது வண்டியில் ஏறினேன், எங்கே விழுந்தேன், எங்கே சேற்றில் உருண்டேன் எதுவும் நினைவில்லை. பனி கலைந்தபோது எதிரே மஸ்டர் ஆபீஸ். கோடு. ஜனங்கள். மேளம்.

யாரோ துணியால் நம்பர் அட்டையைத் துடைத்தார். "ஏழாம் நம்பர்! நம்ம தபால் ஆரோக்கியம்!" என்று மைக்கில் சின்ன துரை கத்தினார். ஊரே கத்தியது. ஒரு பெண் கம்பளியோடு ஓடிவந்து என்னைப் போர்த்தி, "நாந்தான் சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று அழுதுகொண்டே முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தார். இரண்டு துடைப்பில் கை நின்றது.

"ஐயோ, யாருய்யா நீ?"

பற்கள் ஆடின.

"இது அவரு வண்டியில்ல? அவரு எங்கய்யா?"

சொல்வதற்கு எத்தனையோ நல்ல வாக்கியங்கள் இருந்தன. எல்லாரும் சுகமாக நிற்கிறார்கள் என்று ஆரம்பித்திருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். "காட்டுமாடு."

மேளம் நின்றது. ஸ்டெல்லா கத்தவில்லை. கம்பளியை என் மேலேயே விட்டுவிட்டு, பனிமூட்டத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். இரண்டு பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயம் என்றால் என்ன என்று அந்தக் கால்மணி நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் ஓடியதெல்லாம் சும்மா உடற்பயிற்சி.

பிறகு பனிக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். பின்னால் இன்னொருவர். வரிசையாகப் பதினெட்டுப் பேர். கடைசியில், வெகுதூரம் பின்னால், ஆரோக்கியம். தோளில் மாமாவின் சைக்கிள். முன்சக்கரம் எண்ணெயில் போட்ட அப்பளம்போல மடங்கியிருந்தது.

நேராக என்னிடம் வந்து இறக்கினார்.

"மாடுங்க கலைஞ்சு ஓடினப்ப கன்னு மிதிச்சிருச்சு சார். உருட்ட முடியல. விட்டுட்டு வந்தா உங்க மாமா உங்களக் கொன்னுருவாருன்னீங்களே." பிறகு, மூச்சு வாங்கியபடி, "டைனமோ நல்லா இருக்கு" என்றார்.

ஸ்டெல்லா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அப்புறம்தான் அழுதார்.

சின்ன துரை விதிக் காகிதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு விழித்தார். முதலில் வந்தது ஏழாம் நம்பர் வண்டி. முதலில் வந்தது நான். கடைசியில் வந்தது ஆரோக்கியம். என்ன செய்வது?

நான் எழுந்தேன். "நான் ஒண்ணும் ஜெயிக்கலைங்க. பயந்து ஓடியாந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறேன்னு நெனச்சேன். இந்த வண்டிக்கு வழி தெரிஞ்சிருக்குதுங்க, அது கூட்டியாந்துபோட்டுது."

கூட்டம் சிரித்தது. இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டியவர், கையைப் பிசைந்துகொண்டு முன்னே வந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சைக்கிள் அவருக்கே போயிருக்கும். "மாடு நின்னப்ப ஆரோக்கியந்தானுங்க மொதல்ல நின்னான். நாங்கெல்லாம் அவன் பின்னால" என்றார். மற்றவர்கள் ஆமாங்க ஆமாங்க என்றார்கள்.

எல்லாரும் ஆரோக்கியத்தைப் பார்த்தோம். அவர் சின்ன துரையைப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொல்லுவேன்னு பாக்கிறீங்களா சார்? சொல்லவே மாட்டேன்."

அன்று சாயங்காலம் அவர் வீட்டு நடையில், விறகு ஒதுக்கிய இடத்தில், மாலையோடு சைக்கிள் நின்றது. உள்ளே கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். கிணத்துக்கடவில் மாமா சக்கரத்தைப் பார்த்தார். "மாடு மிதிச்சுதா? ஏன்டா, எந்த லாரிக்கு மாடுன்னு பேரு வெச்சிருக்கறாங்க?" என்றார். சாகும்வரை நம்பவில்லை.

மூன்று வருடம் முன்பு வால்பாறை போயிருந்தேன். சின்ன துரை மாற்றலாகிப்போன அடுத்த வருடமே பந்தயம் நின்றுவிட்டதாம். கைபேசி வந்தபின் தபாலும் நின்றது. ஆரோக்கியமும் ஸ்டெல்லாவும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கு இறங்கிப் போய்விட்டார்கள், எந்தத் தெரு என்று டீக்கடையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த லைனில் எல்லாக் கதவிலும் பூட்டு. அவர் வீட்டு நடையில் மட்டும் நின்று பார்த்தேன். சுவரில், இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பின் மேல் ஒரு கறுப்புக் கோடு. தினமும் சாய்த்து நிறுத்தி நிறுத்தி ஹேண்டில்பார் தேய்த்த கோடு. விரலால் தொட்டேன். சில்லென்றிருந்தது.

திரும்பினால், வாசலில் காட்டுமாடு. ஆளில்லாத முற்றத்துப் புல்லை, தன் வீடுபோல மேய்ந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என் வலது உள்ளங்கை தானாகச் சுட்டது.

நான் ஓடவில்லை. வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓட அங்கே சைக்கிள் எதுவும் இல்லை.